மூன்று குளங்களும் ஒரு காய்ச்சலும்

சிறுபோகம் தொடங்குமுன் இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்கள் கூட்டம் கூடுவார்கள். முதலில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: குளத்தில் எத்தனை அடி நிற்கிறது? அந்த எண் தெரிந்தவுடன் மற்றக் கணக்குகள் தொடங்கும். இனி வெயில் காலம், கனகராயன் ஆறு பெரிதாக எதையும் கொண்டுவரப் போவதில்லை. வெயில் இவ்வளவை உறிஞ்சும், வாய்க்காலில் இவ்வளவு கசியும், ஒரு ஏக்கர் நெல்லுக்கு இவ்வளவு வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுப்பார்கள்.

என் பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் இந்தக் கணக்கைக் கொப்பி பென்சில் இல்லாமல் செய்வார். "வந்தது, போனது, நிக்கிறது. இந்த மூண்டும் தெரிஞ்சா, ஆவணியில வாய்க்கால்ல தண்ணி வருமோ எண்டு சித்திரையிலயே சொல்லலாம் பிள்ளை" என்பார்.

நான் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு வரும்போது ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "ரீச்சர், இது சோதனைக்குப் பிறகு எங்க உதவும்?" நியாயமான கேள்வி. அதற்கு நான் பெரியப்பாவின் வந்தது, போனது, நிக்கிறது என்பதிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்குவேன். ஒரு ஊருக்குள் காய்ச்சல் எப்படிப் பரவும், எப்போது உச்சம் தொடும், எதைச் செய்தால் நிற்கும் என்று பார்க்கும் கணிதமும் அதே கணக்குத்தான். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும், இந்தக் கட்டுரையை முழுவதுமாகப் பின்தொடரலாம்.

கணித மாதிரி என்றால் என்ன?

குளத்து நீர்க்கணக்கில் தாமரை இல்லை. அணைக்கட்டில் நிற்கும் மருதமரம் இல்லை. தண்ணீரின் நிறமோ அதில் நீந்தும் மீனோ இல்லை. இருப்பவை சில எண்கள் மட்டுமே: நீர்மட்டம், வரவு, செலவு. குளத்தைப் பற்றிய ஆயிரம் உண்மைகளில் இந்தக் கேள்விக்குத் தேவையான மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். இப்படிச் சுருக்கி எடுத்த கணக்குத்தான் கணித மாதிரி. மீன்பிடிப்பவர் தன் கேள்விக்காக அதே குளத்துக்கு இன்னொரு மாதிரி செய்வார். அதில் மீன் இருக்கும், நெல் இருக்காது. எதை விடலாம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

மூன்று குளங்கள்

வன்னியில் சிறு குளங்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேல்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரவாகும். அது நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். ஒரு ஊர்ச் சனத்தையும் அப்படித் தொடராக இருக்கும் மூன்று குளங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். முதற் குளத்தில் இன்னும் அந்த வருத்தம் வராதவர்கள், கிட்டப் போனால் தொற்றக்கூடியவர்கள். இரண்டாவது குளத்தில் இப்போது வருத்தத்தோடு இருப்பவர்கள், பிறருக்குக் கொடுக்கக்கூடியவர்கள். மூன்றாவது குளத்தில் வருத்தம் மாறி, மறுபடி தொற்றாத நிலைக்கு வந்தவர்கள். இறந்தவர்களையும் கணக்குக்காக இந்த மூன்றாவதில்தான் சேர்ப்பார்கள். அதைச் சொல்லும்போது வகுப்பு ஒருதரம் அமைதியாகிவிடும்.

சனம் முதற் குளத்திலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் போகிறது. திரும்பி வருவதில்லை.

இரண்டாவது குளத்தின் துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் கதவு, சாதாரணமானது. வருத்தம் ஐந்து நாள் நிற்குமென்றால், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கீழே இறங்கும். முதற் குளத்தின் துருசுதான் விசித்திரம். சாதாரணக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் வெளியே பாயும் என்பதை அந்தக் குளத்தின் நீர்மட்டமே தீர்மானிக்கும். இங்கே அப்படியில்லை. முதற் குளத்தின் துருசைத் திறப்பவர்கள் இரண்டாவது குளத்தில் இருப்பவர்கள். அங்கே ஒருவரும் இல்லையென்றால், மேலே ஆயிரம் பேர் இருந்தாலும் ஒரு துளி பாயாது. அங்கே நூறு பேர் இருந்து மேலே ஒருவரும் மிச்சமில்லையென்றாலும் பாயாது. எனவே பாயும் அளவு இரண்டு குளங்களின் எண்களையும் பெருக்கி வருவது. தொற்றுநோய்க் கணிதத்தின் முழு விசித்திரமும் இந்த ஒரு பெருக்கலிலிருந்துதான் பிறக்கிறது.

இதை 1927 இல் எழுதியவர்கள் கேர்மக், மக்கென்ட்ரிக் என்ற இரண்டு ஸ்கொட்லாந்துக்காரர்கள். மக்கென்ட்ரிக் இந்தியாவில் நீண்டகாலம் வேலை செய்த மருத்துவர். கேர்மக் இரசாயனவியலாளர், 1924 இல் ஆய்வுகூடத்தில் நடந்த விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். அதன் பிறகுதான் இந்தச் சமன்பாடுகளைச் செய்தார். தாளில் எழுதிப் பார்க்க முடியாதவர், தலைக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிறார். 1905 டிசெம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாராவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்து, தங்கள் கணக்கு தரும் வளைகோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். அழகாகப் பொருந்தியது. (பம்பாய்ப் பிளேக்கில் எலியும் தெள்ளும் இருந்தன, மூன்று குளக் கணக்கு அவற்றைக் கண்டுகொள்ளவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். கோடு பொருந்திவிட்டது என்பதற்காகக் காரணமும் அதுதான் என்று ஆகாது.)

நாங்களே செய்து பார்ப்போம்

ஆயிரம் பேர் உள்ள ஒரு ஊர். புதிதாக ஒரு காய்ச்சல். எல்லோரும் புதிதாக இருக்கும்போது, வருத்தக்காரர் ஒருவர் சராசரியாக 2 பேருக்குக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 ஐத்தான் பாடநூல்கள் அடிப்படை இனப்பெருக்க எண் என்று எழுதும். நான் பரவல் எண் என்றே சொல்கிறேன். பத்துப் பேர் வெளியூருக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். மிச்சம் 990 பேர்.

ஒரு சுற்று என்பது ஒருவர் தொற்றி, பிறருக்குக் கொடுத்து, மாறும் காலம். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வருபவர்கள் எத்தனை பேர்? இப்போது வருத்தத்தோடு இருப்பவர்களை 2 ஆல் பெருக்குங்கள். ஆனால் அவர்கள் சந்திப்பவர்கள் எல்லோரும் முதற் குளத்தில் இருக்கமாட்டார்கள். அதனால் ஆயிரத்தில் எத்தனை பங்கு இன்னும் முதற் குளத்தில் இருக்கிறதோ அதனாலும் பெருக்க வேண்டும்.

முதற் சுற்று: 2 × 10 × 0.990. ஏறத்தாழ 20 பேர். முதற் குளத்தில் இனி 970.

இரண்டாவது: 2 × 20 × 0.970. ஏறத்தாழ 39. மிச்சம் 931.

கொப்பியில் இப்படியே தொடருங்கள். பத்து நிமிடம்கூட எடுக்காது. ஒவ்வொரு சுற்றிலும் வருத்தத்தோடு இருப்பவர்கள் வரிசையாக இப்படி வரும்:

10, 20, 39, 73, 125, 183, 201, 140, 59, 18, 5, 1. அதற்குப் பிறகு இல்லை.

என் மாணவர்களில் அநேகமானோர் இரண்டாக, நாலாகப் பெருகி ஊர் முழுவதையும் பிடிக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. 201 இல் உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 874 பேருக்கு வந்திருக்கிறது. 126 பேருக்கு வரவேயில்லை. யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. கிருமி பலமிழக்கவும் இல்லை, பரவல் எண் கடைசிவரை அதே 2 தான். பிறகு ஏன் நின்றது?

முதற் குளத்தைப் பாருங்கள். ஆறாவது சுற்று தொடங்கும்போது அங்கே 550 பேர் இருந்தார்கள். முடியும்போது 349. இடையில் 500 ஐத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குக் குறைவாகத் தொற்றக்கூடியவர்கள் இருக்கும்போது, ஒருவர் இரண்டு பேரைச் சந்தித்தாலும் அதில் ஒருவருக்கும் குறைவானவருக்கே கொடுப்பார். ஒருவர் இடத்தில் ஒருவர்கூட வராவிட்டால் இரண்டாவது குளம் வற்றத் தொடங்கும். முதற் குளம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் இப்படி வற்றத் தொடங்குமோ, அந்த அளவை வாசல் என்போம். எனவே பரவல் எண் 2 என்றால் வாசல் பாதி. 3 என்றால் முதற் குளம் மூன்றில் ஒன்றாகக் குறைய வேண்டும். 4 என்றால் நாலில் ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது பலருடைய கண்ணில் படுவதில்லை. 500 பேருக்கு வந்தவுடன் வாசல் கடந்துவிட்டது, பிறகேன் 874 வரை போனது? வாசலைக் கடக்கும் நேரத்தில் இரண்டாவது குளத்தில் ஏறத்தாழ 200 பேர் இருந்தார்கள். பிரேக் பிடித்தாலும் லொறி உடனே நிற்காது. 'எல்லோருக்கும் வந்து போகட்டும், தானாக நிற்கும்' என்று விட்டுவிடும் யோசனை இந்த இடத்தில்தான் பெரிய விலை கேட்கிறது. தானாக நிற்கும், உண்மைதான். ஆனால் தேவையானதைவிட முந்நூற்றுச் சொச்சம் பேரைக் கூடப் படுக்கையில் போட்டுவிட்டுத்தான் நிற்கும்.

சரி, இப்போது 2 ஐ 1.5 ஆக மாற்றுவோம். கோயில் திருவிழாவைத் தள்ளிவைக்கிறார்கள், ரியூசன் வகுப்புகளை நிறுத்துகிறார்கள், வருத்தக்காரர் வீட்டோடு இருக்கிறார். அதே பத்துப் பேரிலிருந்து அதே கணக்கைச் செய்தால் உச்சம் 80 இல் நின்றுவிடும். மொத்தமாகத் தொற்றுபவர்கள் ஏறத்தாழ 635 பேர். பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் தேவையென்றால், முதற் கணக்கில் ஒரே நேரத்தில் 20 கட்டில் வேண்டும், இரண்டாவதில் 8. ஒரு கிராமப்புற வைத்தியசாலையில் எத்தனை கட்டில் இருக்குமென்று எங்களுக்குத் தெரியும். 2020 இல் எங்களை வீடுகளுக்குள் இருக்கச் சொன்னதன் பின்னால் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

தடுப்பூசி என்பது முதற் குளத்திலிருந்து மூன்றாவதற்கு நேராக வெட்டும் வாய்க்கால். இரண்டாவது குளத்துக்குள் போகாமலே கடந்துவிடலாம். சின்னமுத்தின் பரவல் எண் 12 முதல் 18 வரை என்று சொல்வார்கள். இடையில் 15 என்று எடுப்போம். வாசல் பதினைந்தில் ஒரு பங்கு. 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடாதவர்கள் 20 பேரைத் தாண்டினால் கதவு திறந்துவிடும். நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி போட வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் விடாப்பிடியாக நிற்பது இதனால்தான். அந்த 20 பேரும் ஒரே ஒழுங்கையில் இருந்தால் அதற்கு முன்பே ஆபத்து, அதைக் கீழே சொல்கிறேன்.

பரவல் எண் கிருமிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. 2009 இல் நாங்கள் இருந்த முகாமில் கொப்புளிப்பான் வந்தது. கூடாரத்துக்குக் கூடாரம் கைநீட்டினால் தொடலாம். தண்ணீருக்கு ஒரே வரிசை, கழிப்பறைக்கு ஒரே வரிசை. எங்கள் கூடாரத்தில் தம்பிக்கு முதலில், பிறகு எனக்கு. ஊரில் இருந்தபோது அதே கொப்புளிப்பான் வந்தால் வேப்பிலை கட்டிய ஒரு வீட்டோடு, மிஞ்சினால் பக்கத்து வீட்டோடு நிற்கும். கிருமி மாறவில்லை. ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரின் மூச்சுக்காற்றுக்குள் நிற்க வேண்டியிருந்தது என்பது மாறியது. அது எனக்குக் கணிதமாகப் புரிந்தது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

நுளம்பின் கணக்கு

வன்னி என்றாலே காய்ச்சல் என்று வெளியூர்ச் சனம் பயந்த காலம் ஒன்று இருந்தது. குலைப்பன் காய்ச்சல் என்று அம்மம்மா சொல்வது மலேரியாவை. இந்தக் காய்ச்சலில் சனத்தின் மூன்று குளங்களோடு நுளம்புக்கும் தனிக்குளங்கள் வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகப் பாயாது. ஒவ்வொரு முறையும் ஒரு நுளம்பின் வயிற்றுக்குள்ளால் போக வேண்டும்.

அதைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ரொஸ். 1897 ஓகஸ்டில் செக்கந்தராபாத்தில் ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் தன் வாழ்வில் அதைவிடப் பெரிதாக நினைத்தது பிறகு செய்த கணக்கைத்தான். அப்போது எல்லோரும் அவரிடம் கேட்டது: நுளம்பு முழுவதையும் எப்படி அழிக்க முடியும்? முடியாது என்றால் ஏன் தொடங்க வேண்டும்? ரொஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: முழுவதையும் அழிக்கத் தேவையில்லை. ஒரு மனிதருக்கு இத்தனை நுளம்பு என்ற அளவு ஒரு வாசலுக்குக் கீழே வந்தால் போதும், மிச்ச நுளம்பு பறந்துகொண்டிருக்கும்போதே மலேரியா மறைந்துவிடும். அன்று பல வைத்தியர்கள் இதை நம்பவில்லை.

1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அந்தக் கணக்கை விரித்தார். அவருடைய சூத்திரத்தில் இரண்டு இடங்களில் நான் எப்போதும் நின்று பார்ப்பேன்.

முதலாவது, கடி. நுளம்பு ஒருமுறை கடித்துக் கிருமியை எடுக்க வேண்டும், இன்னொருமுறை கடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கடி. அதனால் கடிக்கும் வேகம் சூத்திரத்தில் தன்னாலேயே பெருக்கப்பட்டு வர்க்கமாக வரும். நுளம்பின் தொகையைப் பாதியாக்கினால் பரவல் எண் பாதியாகும். கடியைப் பாதியாக்கினாலோ அது காற்பங்காகும். நுளம்பு வலை ஒன்றின் பலம் இது.

இரண்டாவது, நுளம்பின் ஆயுள். கிருமி நுளம்புக்குள் முதிர ஏறத்தாழப் பத்து நாள் வேண்டும். அதற்கு முன் நுளம்பு செத்தால் பயனில்லை. ஒரு நாளைக்கு நூற்றில் 90 நுளம்பு பிழைக்குமென்றால், 0.9 ஐப் பத்துமுறை பெருக்குங்கள்: நூற்றில் 35 பத்து நாளைத் தாண்டும். வீட்டுச் சுவரில் மருந்தடித்து அந்த 90 ஐ 80 ஆக்கினால், 0.8 பத்துமுறை: நூற்றில் 11 தான் தாண்டும். தாண்டியவையும் முன்புபோல் ஒன்பது பத்து நாள் உயிரோடு இருக்காது, நாலைந்து நாள்தான். இரண்டையும் சேர்த்தால் பரவல் எண் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக விழும். நாளாந்தச் சாவில் சிறிய மாற்றம், விளைவில் மிகப் பெரிய இறக்கம். இரத்தம் குடித்த நுளம்பு ஓய்வெடுப்பது வீட்டுச் சுவரில் என்பதால்தான் சுவரைத் தேடிப் போனார்கள்.

இலங்கையின் மலேரியா வரலாற்றை இந்தக் கணக்கோடு வாசித்தால் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வரும். 1934-35 இல் நாட்டை உலுக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அது பெரிதாக அடித்தது எங்கள் பக்கத்தை அல்ல. தெற்கு மேற்கே மழை அதிகமான இடங்களை. அந்த ஆண்டு மழை பொய்த்து, களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆறுகள் ஓட்டம் குறைந்து குட்டைகளாகத் தேங்கின. மலேரியா நுளம்புக்கு விருப்பமான இடம் அப்படிப்பட்ட தேங்கிய தெளிந்த நீர். அந்தச் சனத்துக்கு முன்பு இந்தக் காய்ச்சல் அதிகம் வந்ததில்லை. முதற் குளம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. எங்கள் உலர்வலயத்தில் மலேரியா ஒவ்வொரு ஆண்டும் வந்துகொண்டேயிருந்ததால், பிள்ளைப் பருவத்தைத் தாண்டியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்புக்கு இங்கத்தைய தாய்மார் எத்தனை பிள்ளைகளை விலையாகக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

1940களின் நடுவில் டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். 1963 இல் நாடு முழுவதற்கும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். நுளம்பின் ஆயுள் பழைய நிலைக்குத் திரும்பியது, பரவல் எண்ணும் அதோடு ஏறியது. இதற்கிடையில் மலேரியாவைக் காணாத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதற் குளத்தில் சேர்ந்துவிட்டார்கள். 1967 க்கும் 1969 க்கும் இடையில் இலட்சக்கணக்கானோருக்குக் காய்ச்சல் வந்தது. 17 என்ற எண் இரண்டாவது குளத்தை மட்டும்தான் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு மேல்குளத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு நீண்ட உழைப்பு. யுத்த காலத்திலும் வடக்குக் கிழக்கில் தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் விட்டுவிட்டாவது நடந்தன. உள்ளூரில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புது நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் இனம். ஆற்றுக் குட்டையைத் தேடாது. கிணறும் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் போதும். இப்போது இரண்டாவது குளம் காலி, முதற் குளம் முழுக்க நிரம்பியிருக்கிறது, துருசைத் திறக்க இன்னொரு கை வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாடு போய்வந்து காய்ச்சல் வந்தால் உடனே மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்வதை யாரும் தொல்லையாக நினைக்கக்கூடாது என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இந்தப் படத்தைக் கண்முன் வைத்துத்தான். இரண்டாவது குளத்துக்கு வரக்கூடிய முதலாவது ஆள் அப்படித்தான் வருவார்.

மீனும் தத்தியும்

நோய் இல்லாத இடத்திலும் இதே கணக்கு ஓடும். குளத்தில் மீன் பெருகுவதை 1838 இல் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக்காரர் காட்டிய வழியில் எழுதலாம்: மீன் கூடக்கூடக் குஞ்சும் கூடும், ஆனால் குளம் நிரம்ப நிரம்ப இரையும் இடமும் குறைந்து பெருக்கம் தளரும். குளம் தாங்கக்கூடியது 1000 மீன், நெருக்கடி இல்லாதபோது ஆண்டுக்கு நூற்றுக்கு 40 பெருகும் என்று வைத்தால், 100 மீன் இருக்கும்போது ஆண்டில் 36 கூடும். 900 இருக்கும்போதும் 36 தான். 500 இல் 100 கூடும். பாதிக் குளம்தான் அதிகம் தரும்.

அப்படியானால் ஒவ்வொரு ஆண்டும் 100 பிடிக்கலாம். 120 பிடித்தால்? முதல் ஐந்து ஆண்டுகளில் 500 மெல்ல 395 ஆகும். பெரிதாக ஒன்றும் தெரியாது, வலை கனமாகத்தான் வரும். பிறகு சரிவு வேகமெடுத்து 14 ஆவது ஆண்டில் குளம் வெறுமையாகும். சின்னக் கண் வலைக்குத் தடை போடும்போது கோபப்படும் சங்கத்துக்காரர்களிடம் இந்த அட்டவணையை ஒருமுறை காட்டினேன். ஐந்தாவது வரியில் ஒருவர் விரலை வைத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரை, இரைபிடிப்பான் கணக்கும் உண்டு. முதல் உலகப்போரில் மீன்பிடி குறைந்தபோது, அதிரியாட்டிக் கடலில் வேட்டையாடும் மீன்களின் பங்கு ஏன் கூடியது என்ற கேள்விக்கு இத்தாலியக் கணிதர் வொல்தெரா 1926 இல் விடை கண்டார். அந்த விடையின் மறுபக்கம் வயலுக்கு மிக முக்கியம். இரையையும் இரைபிடிப்பானையும் ஒரே விகிதத்தில் கொன்றால், கடைசியில் இரைதான் கூடும். நாங்கள் அறக்கொட்டி என்று சொல்லும் கபிலத் தத்திக்கு நாசினி அடிக்கும்போது தத்தியோடு சிலந்தியும் சாகிறது. தத்தி விரைவில் பெருகும், சிலந்தி பெருகாது. இந்தோனேசியாவில் இப்படித் தெளித்துத் தெளித்தே தத்தி பெருகி, 1986 இல் நெல்லுக்கு 57 வகை நாசினிகளைத் தடைசெய்தார்கள். அடித்த பிறகும் கூடுகிறதே, மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் சிலந்தியை எண்ணிப் பாருங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்குக்குத் தெரியாதவை

மேலே செய்த ஆயிரம் பேர் கணக்கு, ஊரில் எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. அப்படி நடக்காது. தடுப்பூசி போடாத 20 பிள்ளைகள் 300 பேருக்குள் சிதறியிருந்தால் காவல் உண்டு. ஒரே ஒழுங்கையில், ஒரே வானில் பள்ளிக்கு வருபவர்களாக இருந்தால், அந்த வானுக்குள் முதற் குளம் முழுதாக நிரம்பியிருக்கிறது. ஊர்ச் சராசரி அதைக் காட்டாது. சனம் பயந்தால் தானாகவே வீட்டுக்குள் இருக்கும், பயம் தெளிந்தால் வெளியே வரும். பரவல் எண் அதற்கேற்ப வாரத்துக்கு வாரம் மாறும். பெரிய ஆய்வுக் குழுக்கள் இவற்றையெல்லாம் சேர்த்துக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பார்கள். அடியில் இருப்பது இதே மூன்று குளம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை தொடக்க எண்ணில் இருக்கிறது. ஊரில் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் முதற் குளத்தில்? 2009 இன் முதல் மாதங்களில் வன்னிக்குள் அகப்பட்டிருந்த சனத்தின் தொகை உண்மையைவிட மிகக் குறைத்துச் சொல்லப்பட்டது. வந்துசேர வேண்டிய அரிசியும் மருந்தும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பேசப்பட்டன. சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், முதல் வரியில் போடும் எண் பிழையென்றால் கீழே வருவதெல்லாம் பிழை. இதை வகுப்பில் சொல்லும்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சென்ற தவணையில் ஆயிரம் பேர் அட்டவணையைத் தங்கள் சொந்த ஊருக்குச் செய்துவரச் சொன்னேன். ஒரு பிள்ளை வெறுங்கொப்பியோடு வந்தாள். "ரீச்சர், எங்கட ஊரில எத்தினை பேர் எண்டு நான் கேட்ட ஆக்கள் எல்லாரும் வேற வேற எண் சொல்லினம். கொழும்பில வேலை செய்யிற ஆக்களைச் சேர்க்கிறதா இல்லையா எண்டும் தெரியேல்லை" என்றாள். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் தோழியோடு சைக்கிளில் போய் வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள்: இரவில் இந்த வீட்டில் படுப்பவர்கள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, பிள்ளைகளின் சுகாதாரக் கொப்பியில் சின்னமுத்து ஊசி பதிந்திருக்கிறதா. கடைசியாகக் கொப்பியைக் கொண்டுவந்தபோது அட்டவணையின் முதல் வரி நிரம்பியிருந்தது: ஊரில் 412 பேர், முதற் குளத்தில் 31. பரவல் எண்ணுக்கான கட்டத்தில் 15 என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அந்த 31 பேரில் எத்தனை பேர் ஒரே ஒழுங்கை என்று கேட்டேன். அதற்கு இன்னொரு சனிக்கிழமை வேண்டும் என்றாள்.